மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பறை

 இந்த வாரம் ஒரு எக்ஸாம் கதையில இருந்து ஆரம்பிக்கறேன்.

இன்ஜினியரிங் படிச்ச யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ஈவிஎஸ்னு ஒரு பேப்பர் எழுதியிருப்பாங்க. சுற்றுச்சூழல் அறிவியல். முந்தின நாள் ராத்திரி படிச்சா பாஸ். நானும் அப்படித்தான். உணவுச் சங்கிலி படம் போடச் சொல்லியிருந்தாங்க. புல், மான், புலின்னு மூணு கட்டம் போட்டு அம்புக்குறி வரைஞ்சேன். முழு மார்க்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எங்க காலேஜ் பஸ் தினமும் சர்தார் படேல் ரோடு வழியாத்தான் போகும். ஜன்னலுக்கு வெளியே ஒரு நீளமான மதில். அந்த மதிலுக்குப் பின்னாடி கிண்டி தேசியப் பூங்கா. அதுக்குள்ள புள்ளிமான் இருக்கு, வெளிமான் இருக்கு. நாலு வருஷம் அந்த மதிலைத் தாண்டிப் போய்த்தான் நான் பரீட்சையில மான் படம் போட்டேன். ஒருநாள் கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்ல.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் இன்னொண்ணு தெரிஞ்சது. யூஜிசி தயாரிச்ச மாதிரிப் பாடத்திட்டத்துல மொத்தம் 50 வகுப்பு நேரம். அதுல 5 வகுப்பு நேரம் களப்பணிக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. பக்கத்துல இருக்கிற ஆறு, காடு, புல்வெளி ஏதாவது ஒண்ணுக்குப் போகணும். செடி, பூச்சி, பறவை பார்க்கணும். ஒரு குளத்தைப் பார்த்து எழுதணும். நாங்க சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம்.

சரி, நான் கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். எனக்கு மான் தெரியாட்டி உலகம் ஒண்ணும் மூழ்கிடாது. ஆனா போன வருஷம் என் சித்தி பொண்ணு போன் பண்ணா. பி.எட். படிக்கிறா. "அண்ணா, நிலைத்த வளர்ச்சிக்கு ஒரு பிபிடி செஞ்சு தர்றியா? ஆறாம் கிளாஸ் பசங்களுக்கு எடுக்கணும். காடு போட்டோ நல்லதா நாலு போடு"ன்னு கேட்டா. செஞ்சும் கொடுத்துட்டேன். நாலு போட்டோவும் நெட்ல எடுத்தது. ஒண்ணு கூட இந்தியாவே இல்லைன்னு அப்புறம்தான் கவனிச்சேன்.

அன்னைக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு வகுப்புக்கு 40 பேர். ஒரு டீச்சர் 30 வருஷம் வேலை பார்த்தா, வருஷத்துக்கு ஒரே ஒரு வகுப்புன்னு வெச்சாலே 1,200 பேர். நான் படம் போட்டு ஏமாத்தினது என்னோட முடிஞ்சது. அவ ஏமாந்தா 1,200 பேர் ஏமாறுவாங்க. அப்போ டீச்சராகப் போறவங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் கொடுக்கணும்னு யாருக்குமே தோணலையா? தோணியிருக்கு. அதுக்கு 150 வருஷக் கதை இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

1873 ஜூலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால பஸர்ட்ஸ் வளைகுடா. அதுல பெனிகீஸ்னு ஒரு குட்டித் தீவு. மொத்தமே 75 ஏக்கர் அளவுதான். மரம்னு பெருசா எதுவும் கிடையாது, ஆடு மேய்கிற இடம். அங்கே ஒரு படகுல 50 பேர் அளவுக்கு வந்து இறங்குறாங்க. அதுல சுமார் மூணுல ஒரு பங்கு பெண்கள். பெரும்பாலும் ஸ்கூல், காலேஜ் டீச்சருங்க. அவங்களை வரவழைச்சவர் லூயி அகாசி. சுவிட்சர்லாந்துல பிறந்தவர், ஹார்வர்டு பேராசிரியர். ஒரு காலத்துல பூமியைப் பனி மூடியிருந்ததுன்னு சொல்ற பனியுக ஆராய்ச்சியில பெரிய பேர்.

ஜான் ஆண்டர்சன்னு நியூயார்க் புகையிலை வியாபாரி ஒருத்தர் அந்தத் தீவையும், கூடவே 50,000 டாலரையும் அகாசிக்குக் கொடுத்தார். எதுக்கு? கோடை விடுமுறையில டீச்சருங்களுக்கு இயற்கையை நேர்ல காட்டிச் சொல்லிக் கொடுக்கிற ஒரு பள்ளிக்கு. வந்து இறங்கும்போது கட்டடம் முடியல. ஆட்டுக் கொட்டகையைக் கழுவிச் சாப்பாட்டுக் கூடம் ஆக்கினாங்க. தங்குற இடத்துல ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவுல சுவர் எழும்பல, பாய்மரத் துணியைக் கட்டித் தொங்கவிட்டாங்க. 1873ல இது சாதாரண விஷயம் இல்ல.

அகாசி பாடம் நடத்துற முறை ரொம்பப் பிரபலம். ஒரு மாணவர் கையில ஒரு மீனைக் கொடுப்பார். "பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். பத்து நிமிஷத்துல பார்த்து முடிச்சாச்சுன்னு அந்தப் பையன் நினைப்பான். இவர் திரும்பி வந்து "என்ன பார்த்தே?"ன்னு கேட்பார். பத்தாது, இன்னும் பாருன்னுட்டுப் போயிடுவார். சாமுவேல் ஸ்கட்டர்ங்கிற மாணவரை மூணு நாள் ஒரே மீனைப் பார்க்க வெச்சார். புத்தகத்தை மூடிட்டு இயற்கையைப் படிங்கறதுதான் அவர் பள்ளியோட மந்திரம்.

டாக்குமென்டேஷன் மட்டும் படிச்சுட்டு, சிஸ்டத்தை ஒருநாளும் ஓட்டிப் பார்க்காத ஆள், ஜூனியருக்கு டிரெய்னிங் கொடுத்தா எப்படி இருக்கும்? அன்னைக்கு அமெரிக்க ஸ்கூல்கள்ல அறிவியல் அப்படித்தான் ஓடிட்டிருந்தது. டீச்சர் புத்தகத்தை வாசிப்பார், பையன் மனப்பாடம் பண்ணுவான். பையனை மாத்தணும்னா முதல்ல டீச்சரை மாத்தணும்னு அகாசி நினைச்சார்.

அந்தப் பள்ளி எவ்வளவு நாள் ஓடுச்சு தெரியுமா? ரெண்டே ரெண்டு கோடை. 1873 டிசம்பர்ல அகாசி இறந்துட்டார். அடுத்த வருஷம் அவர் பையன் அலெக்ஸாண்டர் நடத்தினார். அதோட மூடிட்டாங்க. ஆனா அங்கே படிச்சவங்க சும்மா இருக்கல. டேவிட் ஸ்டார் ஜோர்டன் பின்னாடி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட முதல் தலைவர் ஆனார். சார்லஸ் ஓட்டிஸ் விட்மன் 1888ல வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தோட முதல் இயக்குநர் ஆனார். 1874ல வந்த கொர்னீலியா கிளாப், மவுண்ட் ஹோலியோக்ல டீச்சர். வுட்ஸ் ஹோல் திறந்த முதல் கோடையிலேயே அங்கே போய்ச் சேர்ந்தாங்க. தன்கிட்ட படிச்ச பெண்களைப் புத்தகத்தை விட்டு வெளியே இழுத்துட்டு வந்தாங்க. ரெண்டு கோடைதான், அதோட விளைவு பல தலைமுறைக்குப் போச்சு. நான் போட்ட 1,200 கணக்கு தப்பு இல்லைங்கறதுக்கு இது சாட்சி.

ஒரு நிமிஷம். அகாசியைத் தூக்கி வெச்சுக் கொண்டாடறதுக்கு முன்னாடி இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். மீனை மூணு நாள் பார்க்கச் சொன்ன இதே மனுஷர், மனித இனங்கள் எல்லாம் தனித்தனியாப் படைக்கப்பட்டவை, கறுப்பின மக்கள் தாழ்ந்தவங்கன்னு பிரச்சாரம் பண்ணவர். அதை நிரூபிக்க 1850ல தென் கரோலினாவுல அடிமைகளா இருந்தவங்களை ஆடையைக் களைய வெச்சுப் போட்டோ எடுக்க ஏற்பாடு பண்ணவர். டார்வினையும் கடைசி வரைக்கும் ஏத்துக்கல. ஜோர்டனும் பின்னாடி இனத்தூய்மைக் கொள்கையைத் தூக்கிப் பிடிச்சார். அதாவது நல்லாப் பார்க்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. எதைப் பார்க்காம விடறோம்னும் கேட்கத் தெரியணும். இந்த விஷயம் கதையில திரும்ப வரும்.

அடுத்து நியூயார்க் மாநிலம், 1890கள். விவசாயத்துல கடுமையான சரிவு. கிராமத்து ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டு நகரத்துக்குப் போறாங்க. கார்னெல் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் போட்டது. கிராமத்துப் பிள்ளைங்களுக்குத் தங்களைச் சுத்தி இருக்கிற மண்ணும் செடியும் பூச்சியும் புரிஞ்சா, நிலத்து மேல ஒரு பிடிப்பு வரும்னு நினைச்சாங்க. அதுக்குக் கிராமத்து டீச்சருங்களைத் தயார்படுத்தணும். அந்த வேலையில இறங்கினவங்க அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக். 1898ல அவங்களுக்குத் துணைப் பேராசிரியர் பதவி கொடுத்தாங்க. பெண்ணுக்கு எதுக்கு அந்தப் பதவின்னு நிர்வாகக் குழு ஆட்சேபிச்சதால பறிச்சுட்டாங்க. 1913ல திரும்பக் கிடைச்சது.

1911ல அவங்க டீச்சருங்களுக்காகவே ஒரு கையேடு எழுதினாங்க. தலகாணி சைஸ் புத்தகம். அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பையன் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, "எனக்குத் தெரியாது"ன்னு தைரியமா சொல்லுங்க, வெட்கப்படாதீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கண்டுபிடிங்கன்னு டீச்சருங்களுக்குச் சொன்னாங்க. வகுப்பறையில டீச்சருக்கு "தெரியாது"ங்கறது ஒரு அவமானம். வெளியில, ஒரு மரத்தடியில நிக்கும்போது அது அவமானம் இல்ல, அங்கே இருந்துதான் பாடமே ஆரம்பிக்கும். மரத்துல ஊர்ற எல்லாத்துக்கும் பேர் தெரிஞ்ச ஆள் உலகத்துல கிடையாது.

பெனிகீஸ் அப்போ பாதுகாக்கப்பட்ட இடம் இல்ல. பிறகு அங்கே தொழுநோய் மருத்துவமனை வந்தது, அதுக்கும் அப்புறம்தான் பறவைகள் சரணாலயம் ஆச்சு. தேசியப் பூங்காவையே வகுப்பறை ஆக்கின பெரிய உதாரணம் வேணும்னா கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி. 1920 கோடையில ஹெரால்ட் பிரையன்ட், லாய் மில்லர்னு ரெண்டு பேர், பூங்காவுக்கு வர்றவங்களை இலவசமா நடக்கக் கூட்டிட்டுப் போய் இயற்கையைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. கூட்டம் அள்ளுச்சு. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும் இல்லையா? 1925ல பிரையன்ட் அங்கேயே ஒரு கள இயற்கைப் பள்ளியைத் தொடங்கினார். வருஷத்துக்கு 20 பேர் அளவுக்குத்தான் எடுப்பாங்க. கோடை முழுக்கக் காட்டுலயே தங்கி, பறவை, மரம், பாறைன்னு நேர்ல படிக்கணும். கடைசியில உயரமான மலைப்பகுதியில நடைப்பயணம். இங்கே படிச்சவங்க பூங்கா வழிகாட்டியாவும் டீச்சராவும் போனாங்க. 1950களின் தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு.

கேட்க அருமையா இருக்கு. ஆனா அங்கே படிச்சவங்க எதைப் பார்க்காம விட்டிருப்பாங்கன்னு யோசிச்சீங்களா?

யோசெமிட்டி பள்ளத்தாக்குல காலங்காலமா அவானீச்சி மக்கள் வாழ்ந்தாங்க. 1851ல ஒரு ஆயுதப் படை உள்ளே போய் அவங்களைத் துரத்திச்சு. சில பேர் திரும்பி வந்து தங்கினாங்க. மிச்சமிருந்த கிராமத்தையும் 20ஆம் நூற்றாண்டுல பூங்கா நிர்வாகமே படிப்படியா காலி பண்ணிடுச்சு. இதுல ஒரு முரண் இருக்கு. வெள்ளைக்காரங்க முதல்ல பார்த்து மயங்கின அந்தத் திறந்த புல்வெளியும் ஓக் மரங்களும் தானா வந்தது இல்ல. அவானீச்சி மக்கள் அளவாத் தீ வெச்சு, புதர் மண்டாமப் பார்த்துக்கிட்டாங்க. ஓக் மரத்துக் கொட்டைதான் அவங்களுக்கு உணவு. அவங்களையும் நிறுத்தி, தீயையும் நிறுத்தினதும், ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள்ள நெருக்கமா வளர ஆரம்பிச்சது. கடைசியில 1970கள்ல பூங்கா நிர்வாகமே திட்டம் போட்டுத் தீ வைக்க ஆரம்பிச்சது.

ஆக, காட்டுக்குக் கூட்டிட்டுப் போறது பாதி வேலைதான். மதிலைப் பார்த்ததும் இதை யார் கட்டினாங்க, உள்ளே இருந்து யாரை வெளியே அனுப்பினாங்கன்னு அந்த வருங்கால டீச்சருக்குக் கேட்கத் தோணணும். இல்லைன்னா மனுஷன் இல்லாத இடம்தான் இயற்கைன்னு பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடுவாங்க. நிலைத்த வளர்ச்சிங்கற சொல்லுக்கு அர்த்தமே மனுஷனும் இயற்கையும் சேர்ந்து தாக்குப்பிடிக்கிறதுதானே.

இப்போ நம்ம நாட்டுக்கு வரலாம். 1977ல சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரத்துல, சுற்றுச்சூழல் கல்விக்காக உலக நாடுகள் கூடின முதல் அரசு அளவிலான மாநாடு நடந்தது. ஆசிரியர் பயிற்சியிலேயே இது இருக்கணும்னு அப்பவே பரிந்துரை பண்ணாங்க. இந்தியாவுல எம்.சி.மேத்தாங்கிற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1991 நவம்பர் 22ல தீர்ப்பு வந்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயமாச் சொல்லிக் கொடுக்கணும். சினிமா தியேட்டர்ல படம் போடறதுக்கு முன்னாடி சுற்றுச்சூழல் சிலைடு காட்டணும்னு கூட அதுல இருக்கு. பல மாநிலங்கள் சரியாச் செய்யல. மேத்தா மறுபடி போனார். 2003 டிசம்பர்ல, ஒண்ணாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கச் சொல்லி என்சிஇஆர்டிக்கு நீதிமன்றம் உத்தரவு போட்டது.

அந்தத் தீர்ப்பு இல்லைன்னா என் ஈவிஎஸ் பேப்பரே கிடையாது. பெரிய சாதனைதான், சந்தேகமே இல்ல. ஆனா ஒரு நீதிமன்றத்தால பாடத்தைக் கட்டாயமாக்க முடியும், புத்தகம் அச்சடிக்க வைக்க முடியும், பரீட்சை வைக்க வைக்க முடியும். பாடம் எடுக்கிற டீச்சரை ஒரு ஏரிக்கரையில கொண்டு போய் நிறுத்தறதுக்கு உத்தரவு மட்டும் பத்தாது. 2015ல இருந்து பி.எட். ரெண்டு வருஷப் படிப்பு. அதுல சுமார் 20 வாரம் பள்ளிக்கூடத்துல போய்ப் பயிற்சி எடுக்கணும். ரொம்ப நல்ல மாற்றம். அந்த 20 வாரத்தோட ஒரே ஒரு வாரம் காட்டுலயோ ஏரியிலயோ இருந்தா எப்படி இருக்கும்?

செலவு ஆகுமே, எங்கே போறதுன்னு கேட்பீங்க. சென்னை மேப்பைத் திறங்க. சைதாப்பேட்டையில ஆசிரியர் கல்லூரி இருக்கு. 1856ல தொடங்கினது, ஆசியாவின் பழமையான ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள்ல ஒண்ணு. யாரோட பிறந்தநாளை ஆசிரியர் தினம்னு கொண்டாடறோமோ, அந்த ராதாகிருஷ்ணன் பயிற்சி எடுத்ததும் அங்கேதான். அங்கேயிருந்து அடையாற்றைத் தாண்டினா கிண்டி. அந்தக் காடு பிரிட்டிஷ் காலத்துல கவர்னர் மாளிகைக்குச் சொந்தமா இருந்த நிலம். 1910ல காப்புக்காடு ஆச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு அதுல ஒரு பகுதி ஐஐடிக்கு, இன்னும் சில பகுதிகள் நினைவு மண்டபங்களுக்குன்னு போய், மிச்சம் இருக்கிற சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான் இன்னைக்குத் தேசியப் பூங்கா. வெளிமானுக்குப் புல்வெளி வேணும், நமக்கு காலேஜும் வேணும். நிலைத்த வளர்ச்சியில இருக்கிற சிக்கல் மொத்தமும் அந்த ஒரு மதிலோட ரெண்டு பக்கத்துலயும் இருக்கு. இதுக்கு மேல ஒரு பாடப்புத்தகத்தால என்ன சொல்லிட முடியும்?

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா வேடந்தாங்கல். சென்னையில இருந்து 80 கிலோமீட்டர் அளவு. யோசெமிட்டிக்கு நேர் எதிர்க் கதை இது. பறவைகளைச் சுடக் கூடாதுன்னு கேட்டவங்களே ஊர்க்காரங்கதான். 1798ல செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ், அந்த உரிமையை அவங்களுக்கு எழுத்துல கொடுத்தார். ஏன் கேட்டாங்க? ஏரியில கூடு கட்டுற பறவைகளோட எச்சம் தண்ணியில கலக்கும். அந்தத் தண்ணி வயலுக்குப் பாயும். நெல் நல்லா விளையும். பறவைக்குக் கூடு, வயலுக்கு உரம். யாரையும் துரத்தாம, ஊரே காவல் காத்த சரணாலயம்.

போன ஜனவரியில சித்தி பொண்ணை அங்கே கூட்டிட்டுப் போனேன். பிபிடி செஞ்சு கொடுத்த பாவத்துக்குப் பரிகாரம்னு வெச்சுக்கங்க. அரை மணி நேரம் எல்லாரும் மாதிரி போட்டோ எடுத்தா. அப்புறம் கரையில உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட, "தாத்தா, இந்தப் பறவைங்களால உங்களுக்கு என்ன லாபம்?"னு கேட்டா. அவர் சிரிச்சுட்டு, "லாபமா? எங்க அப்பா காலத்துல இந்தத் தண்ணி பாயற வயலுக்கு எரு அடிக்கிறது கம்மிம்மா"ன்னார். இப்பவும் அப்படியான்னு கேட்டா. "இப்ப எல்லாரும் யூரியாதான்"னுட்டுக் கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துட்டிருந்தார். திரும்பி வர்ற வழியில அவ போட்டோ எதையும் பார்க்கல. "அப்போ ஊர்க்காரங்களுக்கு இப்ப எதுக்கு இந்தப் பறவை?"ன்னு என்னைக் கேட்டுட்டே வந்தா. எனக்குப் பதில் தெரியல.

அடுத்த மாசம் அவ வகுப்பு எடுத்தப்போ நான் செஞ்ச பிபிடியைப் போடல. இந்தக் கேள்வியை அப்படியே ஆறாம் கிளாஸ் பசங்ககிட்ட கேட்டாளாம். ஒரு பையன் எழுந்து, "மிஸ், உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டிருக்கான். "தெரியாதுடா"ன்னு சொல்லியிருக்கா. பசங்க மத்தியில ஒரே ஆரவாரமாம். காம்ஸ்டாக் பேரையெல்லாம் அவ கேள்விப்பட்டதே இல்ல. நான்தான் அப்புறம் சொன்னேன்.

பார்க்க வந்த மேற்பார்வையாளர் அவ லெசன் பிளான்ல கற்பித்தல் துணைக்கருவிங்கற கட்டம் காலியா இருக்குன்னு ஒரு மார்க் குறைச்சுட்டாராம். அந்தக் கட்டத்துல ஏரின்னு எழுத இடம் கிடைக்கிற வரைக்கும் நம்ம வேலை முடியலைன்னுதான் எனக்குத் தோணுது.

கேட்டுட்டிருக்கிறவங்கள்ல பி.எட். படிக்கிறவங்க, படிச்சுக் கொடுக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க. உங்க காலேஜுக்குப் பக்கத்துல எந்தக் காடு, எந்த ஏரி இருக்கு? மாணவரா நீங்க கடைசியா அங்கே எப்போ போனீங்க? எழுதி அனுப்புங்க. வந்ததை எல்லாம் சேர்த்து வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.